சூடேறாத ரேடியோ

பழைய ரேடியோக்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்து சேர்த்து வைப்பது தேனி விஜயகுமாரின் பைத்தியம். வடுகபட்டிப் பூண்டு வியாபாரி வீரணன் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தான்.

"விக்கிறதுக்கில்ல தம்பி. வேணும்னா கேட்டுட்டுப் போங்க" என்று வீரணன் ரேடியோவின் திருகைத் திருப்பினார். திருப்பியதுமே செய்தி ஒலித்தது.

விஜயகுமாருக்குக் குறுகுறுத்தது. வால்வு சூடேறிச் சத்தம் வர அரை நிமிடமாவது ஆக வேண்டுமே?

வீரணன் சட்டை மாட்ட உள்ளே போனதும், "பின்னாடி அட்டையக் கழட்டிப் பாக்கலாமா?" என்று அவர் மனைவி அக்கம்மாளிடம் கேட்டான்.

"வேணாம் தம்பி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அது கெட்டு ரொம்ப நாளாச்சு. தெரிஞ்சா அவுக தாங்க மாட்டாக. மலைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தப்ப மெக்கானிக்கக் கூப்பிட்டு, உள்ள ஒரு சின்ன டிரான்சிஸ்டர வச்சு, இந்தத் திருகோடயே சேத்துவிடச் சொன்னேன்."

"பேட்டரி மாத்துறப்ப கண்டுபிடிக்க மாட்டாரா?"

"எங்க மாத்துறது? போன தீவாளிக்குப் போட்ட கட்டை இன்னும் தீரல. நல்ல கம்பெனி போல."

எந்தக் கம்பெனி என்று யோசித்துக்கொண்டே விஜயகுமார் கிளம்பினான். பஸ் ஏற்றிவிட வீரணனும் கூட வந்தார். வழியில் பெட்டிக்கடையில் நின்றார்.

"ரெண்டு பேட்டரிக் கட்டை குடுப்பா, சின்னது."

விஜயகுமார் அவரையே பார்த்தான். கட்டைகளை மடியில் செருகிக்கொண்டு வீரணன் சொன்னார்:

"வீட்ல சொல்லிராதீக தம்பி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."