கொக்குக்கு உதடு இல்லை

"கொக்குக்கு உதடே கிடையாது. அப்புறம் எப்படிச் சிரிக்கும்? போய் அந்தம்மாகிட்ட கேளுங்க!" என்றார் ஓவியர், தூரிகையை மேசையில் டொக்கென்று போட்டு.

துணை ஆசிரியர் மாடி ஏறினார். பதினெட்டுப் படி. முழங்கால் ஒவ்வொரு படியிலும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது.

"அக்கா, கொக்கு எப்படிச் சிரிக்கணும்னு சார் உங்ககிட்ட ஆசையா யோசனை கேக்கிறார்" என்றார், மாடி அறையில் இருந்த எழுத்தாளரிடம்.

"ஆசையாவா? அந்த மனுஷனா? கண்ணால சிரிக்கணும். முப்பது வருஷமா படம் போடுறவருக்கு இதுகூடத் தெரியலயான்னு கேளுங்க."

மறுபடி பதினெட்டுப் படி.

"கண்ணாலயே சிரிக்கிற மாதிரி வரைய உங்களை விட்டா ஆள் இல்லையாம் சார்."

குழந்தைகளுக்கான 'நத்தையும் கொக்கும்' வரிசையில் இது ஒன்பதாவது புத்தகம். கொக்கு நத்தையைத் தின்னும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் இந்தக் கொக்கு எட்டுப் புத்தகமாகத் தின்னவில்லை. நம்மைப் போல இல்லாதவரோடும் அன்பாகப் பழகலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை எழுதியவரும் வரைந்தவரும் மட்டும் பேசிக்கொள்வதில்லை. மூன்றாவது புத்தகத்தில் ஓவியர் ஒரு வார்த்தை கேட்காமல் நத்தையின் ஓட்டுக்கு ஊதா அடித்ததிலிருந்து இப்படித்தான்.

அந்த ஊதாவால்தான் துணை ஆசிரியருக்கு இந்த வேலையே கிடைத்தது. மேலே சொல்வதைக் கீழே சொல்ல, கீழே சொல்வதை மேலே சொல்ல, நடுவில் பிழை திருத்த ஓர் ஆள். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் புறா. முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துச் சண்டை வரும். இப்போது இரண்டோடு சரி. இருவருக்கும் வயதாகிவிட்டது போல என்று புறா நினைத்துக்கொண்டார்.

இந்த வாரம்தான் புது மேனேஜர் வந்திருந்தார். மதியம் புறாவைக் கூப்பிட்டார்.

"உங்க வேலை என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க."

புறா ஒளிக்காமல் சொன்னார்.

"ஒரே கட்டடம். நடுவுல பதினெட்டுப் படி. இதுக்கு ஒரு ஆளா?" மேனேஜர் பேனாவை மூடினார். "மூணு மணிக்கு ரெண்டு பேரையும் இங்க வரச் சொல்லுங்க. பேசிப் பாக்கிறேன். ராசியாயிட்டாங்கன்னா நீங்க வேற இடம் பாத்துக்கலாம்."

ஐம்பத்து மூன்று வயதில் எவன் வேலை கொடுப்பான்? மகள் இப்போதுதான் கல்லூரியில் கால் வைத்திருக்கிறாள். நட்பைப் பற்றி ஐந்து புத்தகம் திருத்தியவர், மூன்று மணிக்கு எந்த நட்பும் முளைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். வேண்டிய கையோடு வெட்கமாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு இருவரும் வந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"உங்க புத்தகத்தைப் படிச்சுட்டு எத்தனை குழந்தைங்க சண்டையை விட்டிருக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாதா?" என்றார் மேனேஜர்.

புறாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. எழுந்துவிட்டார்.

"அக்கா, சார், ஒரு ஊதாவுக்காக இத்தனை வருஷமா? போதும். சமாதானமாப் போயிடுங்க. என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் எங்கயாவது பொழச்சுக்குவேன்."

இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓவியரின் கண்கூடக் கலங்கியது போலிருந்தது. வேலை போச்சு என்று புறா முடிவு கட்டினார்.

"ஊதாவா?" என்று எழுத்தாளர் கத்தினார். "அது அழுகின கத்தரிக்கா கலர்னு சொல்லுங்க அந்த மனுஷன்கிட்ட!"

"அழுகினது அந்தம்மா கதைன்னு சொல்லுங்க!" ஓவியர் மேனேஜரின் பேனா டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தார். எழுத்தாளர், ஓவியர் கொண்டுவந்திருந்த கொக்குப் படத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "புறா சார், முதல்ல இவங்களைக் கூட்டிட்டுப் போங்க. நீங்க இந்த ஆபீஸை விட்டு எங்கயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்!"

ஐந்து மணிக்குக் கிளம்பிய புறா, பாதி வழியில் மூக்குக்கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினார். ஓவியர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்க், இரண்டு டம்ளர்.

"நல்லவேளை, நகலைக் கிழிச்சே தங்கச்சி."

"அசலைக் கிழிப்பேனா அண்ணே? கண்ணாலயே என்னமா சிரிக்குது! நாம ராசியாகி ஆறு வருஷம் ஆச்சு, கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு. அவர் பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் எப்படியாவது இழுத்துடணும்."

"இழுத்துடலாம். ஆனா படி ஏற அவருக்கு முழங்கால் வலிக்குது, பாத்தியா? நாளையிலேர்ந்து ஒரு சண்டை போதும்."

புறா ஓசைப்படாமல் வாசல்வரை போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே கேட்கும்படி நன்றாகச் செருமிவிட்டு மறுபடி வந்தார்.

"கதவைச் சாத்தத் தெரியாதான்னு அந்த மனுஷன்கிட்ட கேளுங்க!" என்று எழுத்தாளர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள, "சார், காத்து நல்லா வருதான்னு அக்கா அக்கறையா விசாரிக்கிறாங்க" என்றார் புறா.