பூட்டு எடுத்த சீட்டு

"சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளை அனுப்புறதா? என்ன சார் இது, எங்க வயிறு என்ன விளையாட்டுச் சாமானா?"

பைண்டர் போட்ட சத்தத்தில் அச்சகத்து மிஷின்களே வாயடைத்துப் போன மாதிரி இருந்தது. உண்மையில் அவை காலையிலிருந்தே ஓடவில்லை. ஆர்டர் இருந்தால்தானே ஓட!

சூப்பர்வைசர் அசையவில்லை.

"ஒருத்தர் மூணு மாசம் சம்பளமில்லாம வீட்டுல இருக்கணும்னு முதலாளி சொல்லிட்டார். யாருன்னு என்னையே முடிவு பண்ணச் சொல்றார். என்னால யாரையும் கைகாட்ட முடியாதுப்பா. சீட்டு சொல்லட்டும்."

முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பூட்டு' என்று பேர். பத்து வருஷத்தில் ஒருத்தருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. மழையோ வெயிலோ, நடந்துதான் வருவார். ஒருமுறை அறுந்துபோன செருப்பைப் பைண்டரிடமே நீட்டி, புத்தகம் தைக்கிற நூலால் தைத்து வாங்கிக்கொண்ட மகானுபாவர்!

பைண்டரின் மனைவி வேலை பார்த்த துணிக்கடையைப் போன மாசம்தான் இழுத்து மூடினார்கள். யாரையோ நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வாடகை, பொண்ணு ஃபீஸ், அப்பாவுக்கு மருந்து. எப்படி இழுத்துப் பிடித்தாலும் கையிருப்பு பதினெட்டு நாள்தான் தாங்கும்.

"உங்க சம்பளம் மட்டும் தவறாம வந்துட்டா எப்படியாவது கரையேறிடலாம்ங்க" என்று சொல்லியிருந்தாள் அவள்.

"சார், சீட்டுல உங்க பேரும் உண்டா?"

"உண்டு."

"வாயால சொன்னா ஆச்சா? எங்க கண்ணு முன்னாடி எழுதிப் போடுங்க!"

எழுதினார். பைண்டரின் மேஜையில் கிடந்த காலிப் பசை டப்பாவில் போட்டார்.

"போட்டீங்களா, இல்ல விரலிடுக்குல ஒளிச்சுக்கிட்டீங்களா? கையைக் காட்டுங்க சார்!"

கோபப்படாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வெறுங்கைதான்.

ஒவ்வொருவரும் தன் பேரைத் தானே எழுதி மடித்துப் போட்டார்கள். ஒன்பது பேர், ஒன்பது சீட்டு. பைண்டரே டப்பாவை வாங்கி, கை வலிக்கும்வரை குலுக்கினான். கட்டிங் மிஷின்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். புரூஃப் பார்க்கிற அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தார்.

"எடுங்க சார், உயிர் போகுது!"

சூப்பர்வைசர் கையை விட்டார். ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என் பேர்தான்."

அடுத்த கணம் கூரை பிய்த்துக்கொண்டு போனது! யாரோ விசிலடித்தார்கள். கட்டிங் மிஷின்காரர் ஒரு கட்டுக் காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டார். பைண்டர் தரையிலிருந்து ஒரு முழம் எம்பிக் குதித்தான்.

புரூஃப் அம்மாதான் சங்கடத்தோடு கேட்டார். "மூணு மாசம் எப்படி சார் சமாளிப்பீங்க?"

"ஆறு மாசச் செலவுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்மா. நீங்கள்லாம் டீக்கடைக்குப் போன நேரத்துல சேர்த்தது."

"அப்பாடா! பூட்டைத் திறக்க ஒருவழியா நேரம் வந்துடுச்சு!" என்றான் பைண்டர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காதில் விழாத மாதிரி, எடுத்த சீட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார் சூப்பர்வைசர். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அந்த டப்பாவைக் கொடுப்பா. போற வழியில குப்பையில கொட்டிடறேன்."

"வேண்டாம் சார், டப்பா எனக்கு வேணும். நானே கொட்டிக்கிறேன்."

டப்பாவை ஒருமுறை பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

பைண்டர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, மனைவிக்குப் போன் போட்டான்.

"தப்பிச்சோம்! தப்பிச்சோம்! நம்ம பேர் வரல!"

"ஐயோ, நிஜமாவாங்க? காலையிலேர்ந்து பச்சத்தண்ணிகூட இறங்கல எனக்கு!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "பாவம், யாருங்க மாட்டினது?"

"வேற யாரு? பூட்டுதான்! அந்த ஆளுக்கென்ன, ஆறு மாசத்துக்குச் சேர்த்து வெச்சிருக்காராம்!"

பேசிக்கொண்டே டப்பாவைக் குப்பைத்தொட்டியில் கவிழ்க்கப் போனான். மேலே கிடந்த ஒரு சீட்டு பாதி பிரிந்திருந்தது. அதிலிருந்த எழுத்தைப் பார்த்ததும் கை நின்றது.

சூப்பர்வைசரின் பேர். அவருடைய அதே குண்டு குண்டுக் கையெழுத்தில்.

இது இங்கே எப்படி?

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இன்னொன்றைப் பிரித்தான். கட்டிங் மிஷின்காரர். அடுத்தது, புரூஃப் அம்மா. ஒவ்வொன்றாய்ப் பிரித்தான். எட்டுச் சீட்டு. எட்டுப் பேர். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா? சந்தோஷத்துல பேச்சே வரலையா? அந்த சூப்பர்வைசர் பேர்தானே வந்துச்சுன்னீங்க?"

தெருக்கோடியில், வழக்கம்போல நடந்தே போய்க்கொண்டிருந்தார் அவர்.

"இல்லம்மா" என்றான் பைண்டர். "என் பேர்தான் வந்துச்சு."