டவர் போன பிறகு

“உங்க எஃப்.எம். டவரால என் பொண்டாட்டிக்குத் தலைவலி, தூக்கமில்ல, நெஞ்சு படபடப்பு. அம்மா வீட்டுக்கே போயிட்டா. யாருய்யா பதில் சொல்றது?”

வீட்டுக்குப் பின்னால் நின்ற டவரைக் காட்டி தர்மராஜ் போட்ட கூச்சலில், ஸ்ரீரங்கத்தில் அந்தத் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

“கருவி வெச்சு அளந்து பாத்துட்டோம் சார். கதிர்வீச்சு ரொம்பக் குறைவுதான்,” என்றார் ரேடியோ நிலைய இன்ஜினியர்.

“முசிறிக்குப் போனதும் அவளுக்குச் சரியாயிடுச்சே! அப்ப என் பொண்டாட்டி பொய் சொல்றாளா?” அவர் சட்டையைப் பிடிக்கப் போனான்.

அவனோடு மல்லுக்கட்ட முடியாமல், நிலையத்தார் டவரைக் கழற்றிக் கொள்ளிடத்துக்கு அப்பால் கொண்டுபோனார்கள்.

ஜெயித்த மிதப்பில் முசிறிக்கு பஸ் ஏறினான். வாழைத்தோப்புக்கு நடுவே மாமனார் வீடு. அவன் மனைவி சுகந்தி தன் தங்கையோடு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“டவரைத் தூக்க வெச்சுட்டேன்டி! ம், கிளம்பு!”

சுகந்தி சட்டென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு?”

“திரும்ப ஆரம்பிச்சிடுச்சுங்க. தலைவலி, படபடப்பு…”

“இந்தத் தோப்புல ஏதுடி டவர்?” வீடு அதிரக் கத்தினான்.

அவள் கையை எடுத்துவிட்டு, அவனைக் கால் முதல் தலை வரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எதிர்லயே நிக்குதே!”