முன்னாடி பார்த்தவன்

“புதுசு மாதிரி, ஒரு குறையும் இல்லை” என்று ஆன்லைனில் போட்டிருந்ததை நம்பி, பழைய வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கித் தொலைத்தேன். முதல் தடவை துவைத்ததுமே துணியெல்லாம் சாக்கடை நாற்றம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு மெக்கானிக்கை அனுப்பிவைத்தார். அவர் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சீச்சீ! உள்ளே ஒரே சகதி. ஓட்டைக் குழாயை மாத்தாம டேப்பைச் சுத்தி வச்சிருக்கான். முன்னாடி பார்த்தவன் கையில எவன்மா ஸ்க்ரூடிரைவரைக் குடுத்தது?”

உடனே விற்றவனுக்குப் போன் போட்டேன்.

“மனசாட்சின்னு ஒண்ணு இருக்காய்யா உனக்கு?”

“மேடம், போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன். குழாயெல்லாம் மாத்தியாச்சு, இனிமே புதுசு மாதிரின்னு மெக்கானிக் சொன்னாரு. அதைத்தான் போட்டேன். அவர் நம்பரை அனுப்புறேன், நீங்களே கேளுங்க.”

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் கொதித்தார்.

“விடாதீங்கம்மா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளுங்க! இவனுங்களாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேரு.”

நம்பர் வந்தது. அழுத்தினேன்.

மெக்கானிக்கின் சட்டைப்பையில் போன் அலறியது.

அவர் அதை எடுக்கவில்லை. மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னார்:

“அன்னைக்குக் கொஞ்சம் அவசரம்மா.”