கல்லறைக்குப் போன பூ ஜாடி

"பூ மட்டுந்தானே அக்கா?"

"பின்ன என்ன தம்பி, துப்பாக்கியா வச்சிருக்கேன்?" என்று சிரித்தாள் பங்களா ஆயா வேலாயி.

கேட்டில் காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தம்புசாமி ஜாடியைக் குனிந்து பார்த்தான். பாலாடை படிந்தது போன்ற மங்கிய வெள்ளைக் கண்ணாடி. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. துரைசாணி கல்யாணமாகி வந்தபோது டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்த பழைய சாமான் அது. அதில் கைவிட்டுத் துழாவ அவனுக்கென்ன இரண்டு தலையா?

"ஊரடங்குச் சங்கு ஊதுறதுக்குள்ள வந்துடுங்க லா. அப்புறம் கேட்டத் தொறக்க மாட்டாங்க. வெளிய யாரு நடமாடினாலும் சுட்டுருவாங்க."

வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம். ரெம்பியா சாலையில் காட்டுக்குள்ளிருந்து போராடும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்கள் தோட்டத்துத் துரையைச் சுட்டுக் கொன்றதிலிருந்து, ஒரு பிடி சோறு வேலியைத் தாண்டினாலும் ஜெயில்தான். ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்களின் மடியைக்கூட உதறிப் பார்த்தார்கள். துரையின் கல்லறைக்குப் போகும் ஜாடியை மட்டும் யாரும் தொடுவதில்லை. செத்தாலும் துரை துரைதானே!

ஜாடியில் தண்ணீர் கிடையாது. பூக்களுக்கு அடியில் வாழையிலையில் கட்டிய சோறு இருந்தது.

வேலாயியின் புருஷன் சுப்பன் தொழிற்சங்கத்து ஆள். சங்கத்தைத் தடைசெய்து போலீஸ் ஆள் பிடிக்க வந்த அன்று காட்டுக்குள் ஓடியவன். இருட்டியதும் கல்லறைக்கு வந்து அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுப் போவான். மறுநாள் இவள் போய் ஜாடியை எடுத்து வருவாள். துரையைச் சுட்டவர்களில் அவன் இல்லை என்று வேலாயி நம்பினாள். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

இன்று அவள் உயிர் ஒரு தடவை போய்த் திரும்பியிருந்தது. சோற்றைக் கட்டி ஜாடிக்குள் வைத்துவிட்டு முற்றத்தில் பூப்பறித்துக்கொண்டு வந்தால், அடுக்களையில் துரைசாணி நிற்கிறாள்!

"கல்லறைப் பூ ஏன் சீக்கிரம் வாடுது, வேலாயி?"

"வெயிலு கொளுத்துதும்மா."

துரைசாணி தலையாட்டினாள். பதினைந்து வருஷம் தோட்டத்தில் இருந்தவள், தமிழ் நன்றாகவே பேசுவாள். "அங்க லாலாங் புல்லும் ஜாஸ்தி. ஆபீஸ் கிராணிகிட்ட புல் மருந்து வாங்கினேன்" என்றவள், அவளே ஜாடியைத் தூக்கி வேலாயியின் கையில் கொடுத்தாள். பாவம், வெள்ளை மனசு, ஒன்றும் பார்க்கவில்லை என்று வேலாயி பெருமூச்சு விட்டாள்.

கல்லறையை நெருங்கும்போதுதான் அந்த மருந்து நினைவுக்கு வந்தது. மருந்து அடித்த புல்லை மேய்ந்து கூலி லயத்து மாடு ஒன்று நுரை தள்ளிச் செத்ததை அவள் பார்த்திருக்கிறாள். சுப்பன் இருட்டில் வருகிறவன், கை பட்டுவிட்டால்?

நல்லவேளை, லாலாங் இடுப்பளவுக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. யாரும் மருந்து அடிக்கவில்லை. நிம்மதியாக ஜாடியைக் கல்லறைமேல் வைத்தாள். அவனுக்குப் பிடிக்குமே என்று இன்று ஒரு துண்டு கருவாடும் வைத்திருந்தாள். நினைக்கும்போதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் உள்ளே நுழையவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. தம்புசாமி கேட்டை இழுத்துப் பூட்டினான்.

துரைசாணி வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேம்மா."

"கேட்டு பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சும்மா. இனி காலையிலதான்." வேலாயி தயங்கி நின்றாள். "லாலாங் அப்படியே நிக்குதும்மா. நாளைக்கு நானே அடிச்சிடட்டுமா? மருந்து எங்க இருக்கு?"

துரை செத்த நாளிலிருந்து அந்த முகத்தில் வேலாயி சிரிப்பைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தாள்.

"மருந்து தீந்துபோச்சு, வேலாயி. எல்லாம் சுப்பன் சோத்துல இருக்கு."