அக்கரையில் ஒருவன் தூங்குகிறான்

துப்பாக்கி முனையில் மாட்டிய சைலன்சர் வெடிச்சத்தத்தை விழுங்கிக்கொண்டது. மிச்சத்தை ஆற்றிரைச்சல் பார்த்துக்கொண்டது. அக்கரைக் காவல்மேட்டில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த சிப்பாய், மணல்மூட்டையில் சாய்ந்து அப்படியே அடங்கிப்போனான். சைலன்சரின் சூடு ஆறுவதற்குள், இரண்டு தேநீர்க் குவளைகளோடு அவனுடைய தோழன் வந்துவிட்டான். சாய்ந்து கிடந்தவனைப் பார்த்து அவன் சிரிப்பது நல்லமுத்துவுக்குத் துப்பாக்கியின் தொலைநோக்கியில் துல்லியமாகத் தெரிந்தது.

"தூங்குறான்னு நெனச்சிட்டாண்ணே," என்றான் பக்கத்தில் படுத்திருந்த அருளப்பன். "நம்மாளுங்க ஆத்துல எறங்கிட்டாங்க. இவனையும் முடிச்சிருங்க."

"கத்துனான்னா முடிச்சிருவேன்."

தோழன் ஒரு குவளையைச் செத்தவனின் காலடியில் வைத்தான். கண்ணில் வெயில் படாதபடி அவனுடைய தொப்பியை இறக்கிவிட்டான். பிறகு அவனுடைய துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனுக்குப் பதிலாகக் காவலுக்கு நின்றான்.

மூன்றாவது சிப்பாய் ஒருவன் பாடிக்கொண்டே மேடேறி வந்தான். தோழன் சட்டென்று திரும்பி உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். வந்தவன் பாட்டை நிறுத்திவிட்டு, குதிகால் தரையில் படாமல் நடக்க ஆரம்பித்தான்.

"அண்ணே, இப்ப ரெண்டு பேரு..."

"உஷ்," என்றான் நல்லமுத்து. விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.