ஒரு கிராம் உப்பு

நாள்பட்ட சிறுநீரக நோய்க்கான இரண்டு சிகிச்சை வழிகாட்டிப் புத்தகங்களைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருந்தாள் மருமகள். இரண்டையும் ஒப்பிட்டு, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு ஒன்றாக்கித் தர வேண்டும். மற்றதெல்லாம் ஒத்துப்போனது; உப்பு மட்டும் முரண்டு பிடித்தது.

"பச்சை அட்டை ஒரு நாளைக்கு அஞ்சு கிராம்ங்குது, நீல அட்டை ஆறுங்குது. எதை எடுக்கறது மாமா?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக அவருக்கும் அதே நோய். ஊறுகாய் ஜாடி மருமகளின் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

"ஆறுதான்! அந்த ஒரு கிராம்ல எனக்கு ஒரு துண்டு ஊறுகாய் வந்துடும்."

"பச்சை அட்டையைத்தான் எல்லாரும் மதிக்கறாங்க."

"எவன் எழுதினான் அதை? ஈவிரக்கம் இல்லாத பய! நோயாளிக்கும் நாக்கு இருக்குன்னு யோசிச்சானா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இதை அப்படியே பச்சை அட்டை போட்ட கமிட்டிக்கு எழுதிடவா?"

"தாராளமா எழுது! நானே கையெழுத்துப் போடறேன்."

"ஏற்கெனவே போட்டிருக்கீங்களே!"

பச்சை அட்டையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தினாள். 'குழுத் தலைவர்' என்ற இடத்தில், பெரிய டாக்டராக இருந்த காலத்தில் மாமனார் போட்ட கையெழுத்து.

அவர் கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகத் துடைத்தார்.

"அப்போ என் கிட்னி நல்லா இருந்துச்சும்மா."